ஐப்பசியில் காவிரிக் கடைமடைக்கு: எந்த நாளில் போவது, எங்கே குளிப்பது, எதைத் தள்ளிப்போடுவது

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி. மாயவரத்தில் துலா ஸ்நானம் செய்துவிட வேண்டும் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் படகும் பறவையும் வேண்டும். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. ஐந்து நாள் கிடைக்கும். கடைமுகத்தை ஒட்டிப் போகலாமா? மழையில் மாட்டிக்கொள்வோமா?”

கடைமுகம் வேண்டாம். ஐப்பசி பிறந்த முதல் பத்து நாளுக்குள் போய் வந்துவிடுங்கள். ஐப்பசி மாதம் அக்டோபர் 17, 18 வாக்கில் பிறக்கிறது. அதிலிருந்து மாதம் முழுவதுமே துலா ஸ்நானம்தான். கங்கை முதலான நதிகள் தங்களிடம் சேர்ந்த பாவத்தைக் கரைக்க இந்த மாதத்தில் காவிரிக்கு வருகின்றன என்பது நம்பிக்கை. முதல் நாள் குளித்தாலும் முப்பதாம் நாள் குளித்தாலும் அதே காவிரி, அதே பலன். கடைசி நாளான கடைமுகத்தில் சுற்றுவட்டாரக் கோயில்களின் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள். பார்க்க அருமையான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் துலா ஸ்நானம் நடக்கும் படித்துறையான துலாக்கட்டத்தின் இரு கரையிலும் நிற்க இடம் இருக்காது. முழங்கால் வலி உள்ளவர் படியில் நிதானமாக இறங்க வேண்டும் என்றால் அன்று யாரும் வழிவிட முடியாது. விட மனமிருந்தாலும் இடம் இருக்காது.

இன்னொரு காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஆனால் தொடங்கிய அன்றே கொட்டித் தீர்ப்பதில்லை. முதல் வாரம் பத்து நாள் விட்டுவிட்டுப் பெய்யும். நடுநடுவே நல்ல வெயிலும் அடிக்கும். டெல்டா கடலோரத்தில் மழை கனத்து நிற்பது நவம்பரில்தான். கடைமுகம் வருவது நவம்பர் 15, 16இல், சரியாகப் புயல் பருவத்தின் நடுவில். 2018இல் கஜா புயல் நவம்பர் 16 அதிகாலையில்தான் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. அந்த வாரம் நாகை மாவட்டத்துக்குச் சுற்றுலா திட்டமிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைமுகத்தைத் தவறவிட்டால் மாமியாருக்கு மனக்குறையாக இருக்கும் என்றால், மறுநாள் கார்த்திகை முதல் தேதிக்கு ‘முடவன் முழுக்கு’ என்று ஏன் பெயர் வந்தது என்பதைச் சொல்லுங்கள். கால் ஊனமான ஒருவர் துலா ஸ்நானத்துக்குக் கிளம்பி, நடக்க முடியாமல் நடந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் கலங்கி நிற்க, இறைவன் இன்னும் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தான் என்பது தலபுராணக் கதை. நடக்க முடியாதவருக்கென்று நாட்காட்டியிலேயே இடம் ஒதுக்கிய ஊர் எங்கள் ஊர். உங்கள் மாமியார் எந்த நாளில் வந்தாலும் தாமதமாகிவிடாது.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று அநேகமாக எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மிக முக்கியமானது அதுதான். மாயவரத்தில் ஓடும் காவிரியைப் பார்த்து, திருச்சியில் அகலமாகப் பார்த்தவர்கள் திகைத்துவிடுவார்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொண்டு போக, எங்களுக்கு வந்து சேரும்போது அது பெரிய வாய்க்கால் அளவுதான். எவ்வளவு வரும் என்பதை மேட்டூரும் கல்லணையும் தீர்மானிக்கின்றன. உள்ளூர் மழை தீர்மானிப்பதில்லை. சொல்லப்போனால் உள்ளூரில் நல்ல மழை பெய்தால் வயலுக்கு ஆற்றுநீர் தேவைப்படாது என்று மேலே திறப்பைக் குறைத்துவிடுவார்கள். அதனால் மழை கொட்டும் வாரத்தில் துலாக்கட்டத்தில் தண்ணீர் இறங்கியிருப்பதும், வெயில் அடிக்கும் வாரத்தில் படி மூழ்க ஓடுவதும் எங்களுக்குப் பழக்கம். கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே செய்தியில் மேட்டூர் அணை நிலவரத்தைப் பாருங்கள். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வரவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும்.

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அணை நிரம்பி உபரிநீர் திறந்தால், வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் நீங்கள் கொள்ளிடப் பாலத்தைக் கடப்பீர்கள். விரிந்த மணல், ஓரமாகத் தெளிந்த ஓட்டம், பிள்ளைகள் இறங்கலாம் என்பார்கள். இறக்காதீர்கள். மணல் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியில் ஆள் ஆழம். நீச்சல் தெரிந்த இளைஞர்களே ஒவ்வொரு வருடமும் அந்த ஆற்றில் போகிறார்கள். படித்துறை இல்லாத இடத்தில் குளிப்பதில்லை என்று முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

துலாக்கட்டத்திலும் கவனம் வேண்டும். கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும். மாமியாரை மேல் படி ஒன்றில் உட்காரவைத்து, நீங்கள் செம்பில் மொண்டு தலையில் ஊற்றுவதுதான் நல்லது. முழுக்குப் போட்டால்தான் ஸ்நானம் என்று அவர் சொன்னால், உடம்பு முடியாதவர்கள் தலையில் தெளித்துக்கொள்வதும் இங்கே காலகாலமான வழக்கம் என்று சொல்லுங்கள். காலை ஆறு, ஆறரைக்குப் போய்விடுங்கள். அமாவாசையும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் சேரும் நாட்கள். உலர்ந்த புடவை, துண்டு, பிடிமானத்துக்கு ஒரு கைத்தடி, உட்கார ஒரு மடக்கு நாற்காலி. அங்கிருந்து மாயூரநாதர் கோயில், பிறகு திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர். இரண்டையும் பத்தரை மணிக்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். அன்று பிற்பகல் அவர் ஓய்வெடுக்கட்டும். நீங்கள் பிள்ளைகளோடு தரங்கம்பாடி போய் டேனிஷ் கோட்டையைப் பார்த்து வாருங்கள். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கியது அது. கடலில் கால் நனைப்பதோடு சரி. இந்தப் பருவத்தில் இங்கே அலை இழுக்கும்.

படகுக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காடு. மாயவரத்திலிருந்து சிதம்பரம் 40 கிலோமீட்டர் அளவு, அங்கிருந்து இன்னொரு 15. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் கிடைக்கும். துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகலமான நீரில் வேகமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் இறங்கி நிற்கும் குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். தலைக்கு மேல் கிளைகள் கூடி நிழல் கட்டியிருக்கும். அங்கே படகைச் சற்று நிறுத்தச் சொல்லி, பேசாமல் இருக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். வேரில் ஏறும் நண்டும், நீருக்கு மேல் பாயும் மீன்கொத்தியும் அப்போதுதான் கண்ணில் படும். காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். பிள்ளைகள் இலையைப் பறிக்கவோ கிளையை ஒடிக்கவோ வேண்டாம். உயிர்காப்பு மேலாடையை வெயிலில் புழுங்குகிறது என்று கழற்ற விடாதீர்கள். பலத்த காற்றும் மழையும் இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் இந்தப் பயணத்துக்கு ஒரு மாற்று நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அழகானதுதான். ஆனால் அங்கே வனத்துறை அனுமதி, நீண்ட படகுப் பயணம் எல்லாம் சேரும். ஏழு வயதுப் பிள்ளையோடு முதல் முறை போகிறவர்களுக்குப் பிச்சாவரமே போதும்.

பறவைக்குக் கோடியக்கரை. எனக்கு மிகப் பிடித்த இடம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1967இல் சரணாலயமானது. 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இங்கே வருகிறவர்கள் எல்லோரும் பூநாரையைத்தான் கேட்பார்கள். அவற்றின் பெருங்கூட்டத்துக்கு டிசம்பர், ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அக்டோபரில் ஒன்றிரண்டு குழு கண்ணில் படலாம், படாமலும் போகலாம். பிள்ளைகளிடம் அதை மட்டும் சொல்லி ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள். அக்டோபரின் விருந்தாளிகள் சேற்றில் இரை தேடும் உள்ளான்கள். அதிலும் கொசு உள்ளான் என்று ஒன்று. பெயருக்கேற்ற பொடிப் பறவை, எடை 25 கிராம் அளவுதான், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆர்க்டிக் பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, சைபீரியாவைத் தாண்டி நம் சேற்றுக்கு வந்து சேர்கிறது. பெருமழைக்கு முன் நீர் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும்போதுதான் அவை நூற்றுக்கணக்கில் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். மழை வலுத்து நீர் ஏறிவிட்டால் அந்தக் குட்டைக் கால்களுக்கு நிற்க இடம் இல்லை. முதல் பத்து நாளுக்குள் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஒரு பைனாகுலராவது கடன் வாங்கிக்கொண்டு போங்கள். வெறும் கண்ணுக்கு உள்ளான் கூட்டம் சேற்றோடு சேறாகவே தெரியும். இந்தப் பருவத்தில் கடலோரத்தில் விடியலில் பெய்து பத்து மணிக்கு மேல் வெளுத்துவிடும் நாட்கள் நிறைய. அதனால் பிற்பகல் மூன்றுக்கு மேல் சரணாலயத்தில் இருப்பதுபோல் திட்டமிடுங்கள். அந்த நேரத்துக்கு வெளிமான்கள் புல்வெளிக்கு வரும். முறுக்கிய கொம்போடு கறுத்த ஆண்மானைப் பார்த்தால் சின்னவன் பூநாரையை மறந்துவிடுவான். மட்டக்குதிரைகளும் திரியும், கிட்டே போக வேண்டாம். வண்டியிலிருந்து தின்பண்டம் எதையும் எறியாதீர்கள்.

மாயவரத்திலிருந்து கோடியக்கரை நூறு கிலோமீட்டருக்கு மேல். மாமியாரை வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். முந்தின நாளே வேளாங்கண்ணிக்கு வந்து தங்குங்கள். அங்கே எல்லா விலையிலும் அறை கிடைக்கும், லிஃப்ட் உள்ள விடுதியாகக் கேட்டு எடுங்கள். வழியில் சிக்கல் என்ற ஊரில் சிங்காரவேலர் என்ற பெயரில் முருகன் கோயில் கொண்டிருக்கிறார். உங்கள் நாட்கள் கந்த சஷ்டியோடு சேர்ந்தால், சூரசம்ஹாரத்துக்கு முந்தின மாலை சிங்காரவேலர் அம்மனிடம் வேல் வாங்கும் விழா அங்கே நடக்கும். அந்த நேரத்தில் சுவாமியின் முகத்தில் வியர்வை அரும்புவதைப் பார்க்க ஊரே கூடும். ஆனால் தீபாவளிக்கு அடுத்த வாரம் அது. அறையும் ரயிலும் அப்போது கிடைப்பது கடினம். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். ஐப்பசிப் பௌர்ணமி அமைந்தால் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். பதின்மூன்று அடி லிங்கத்தை வெண்சோறு மூடியிருக்கும். அதையும் இந்த ஐந்து நாளுக்குள் திணிக்காதீர்கள். இன்னொரு வருடம் அதற்கென்றே வாருங்கள்.

ஆக, உங்கள் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் ஜன் சதாப்தியில் ஏறினால் பிற்பகல் மாயவரம், அன்று ஓய்வு. இரண்டாம் நாள் ஸ்நானம். மூன்றாம் நாள் பிச்சாவரம், அன்று மழை என்றால் சிதம்பரம் கோயில். நான்காம் நாள் வேளாங்கண்ணி. ஐந்தாம் நாள் கோடியக்கரை. அன்று இரவே ஊர் திரும்ப முடியாது, எப்படியாவது ஆறாவது நாள் ஒன்றைத் தேற்றுங்கள். தேறாவிட்டால் தரங்கம்பாடியை விட்டுவிட்டு, ஸ்நானம் முடித்த பிற்பகலே நாகப்பட்டினம் பக்கம் நகர்ந்துவிடலாம். அப்போது பிச்சாவரம், கோடியக்கரை இரண்டையும் சேர்ப்பது இயலாது. பிள்ளைகளிடமே கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்து நாகை துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், கடலோரப் பகுதியை அப்படியே விட்டுவிட்டுக் கும்பகோணம், தஞ்சாவூர் என்று உள்நாட்டுக்குத் திரும்புங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பத் தரும் அறையாகப் பதிவு செய்வது அதற்காகத்தான்.

வாடகை வண்டியில் போகும்போது சாலையின் பாதியில் நெல் கொட்டிக் காயவைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். குறுவை அறுவடை முடியும் காலம் அது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; களம் போதாத விவசாயிக்குத் தார்ச்சாலையை விட்டால் வேறு இடமில்லை. மேகம் கறுத்தால் ஒரு குடும்பமே ஓடி வந்து தார்ப்பாய் மூடும். நெல்லின் மேல் வண்டியை ஏற்ற வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். நெல்லைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் அது தெரியாது. மாலை ஆறுக்கு மேல் உள்சாலைகளில் வண்டி இல்லாதபடி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.