பைனஸ் காட்டில் ஏன் குருவிச் சத்தம் இல்லை? மலையகக் காடுகள் பற்றிய கேள்வி பதில்

காடு வளர்ப்பு, மரம் வெட்டுதல், பறவைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து: எங்கள் ஊருக்கு மேலே மலை முழுக்க பைனஸ். பார்க்க அடர்ந்த காடுதான். உள்ளே போனால் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லையே, ஏன் அண்ணே?

சாப்பிட ஒன்றும் இல்லை, அதுதான் காரணம். நம் மலைகளில் நிற்பது பெரும்பாலும் கரிபியன் பைன், மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம். 1970களிலிருந்து புல்மலைகளிலும் கைவிட்ட தேயிலை நிலங்களிலும் இதைப் பெருமளவில் நட்டார்கள். நம்மூர்ப் புழு பூச்சிகளில் மிகச் சிலதான் அந்த ஊசி இலையைத் தின்னும். புழு இல்லாத இடத்தில் ஈப்பிடிப்பானுக்கும் சிலம்பனுக்கும் என்ன வேலை? சதைப்பற்றுள்ள பழமும் கிடையாது. அதனால் கொண்டைக்குருவி, குக்குறுவான், காட்டுப்புறா எதுவும் தங்காது. உதிர்ந்த ஊசிகள் மெத்தை போட்ட மாதிரிப் படிந்து கிடக்கும், லேசில் உக்காது. கீழே செடிகொடி முளைப்பதும் குறைவு. போதாததற்கு வரட்சி காலத்தில் யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த நாட்டு மரக்கன்றும் அத்தோடு போய்விடும்.

ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஓரங்களில் பட்டாணிக்குருவி வரும், மேலே கழுகு வட்டமிடும். ஆனால் இவை பக்கத்துக் காட்டை நம்பி வாழ்கிறவை, பைனஸை நம்பி அல்ல.

அதே கேள்வியைத் தொடர்ந்து மாத்தளையிலிருந்து: அப்படியானால் பைனஸை மொத்தமாக வெட்டி எறிந்துவிடலாமே?

வேண்டாம். செங்குத்தான சரிவில் ஒரேயடியாக வெட்டினால் அடுத்த பருவமழைக்கே மண் கீழே வந்துவிடும். பைனஸை நிழல் மரமாக வைத்துக்கொண்டு, அதன் கீழே நம் காட்டு மரங்களை வளர்ப்பதுதான் சரியான வழி. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியரும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1990களில் இதைச் செய்து பார்த்தார்கள். பைனஸில் சில வரிசைகளை எடுத்து வெளிச்சம் விட்டு, இடையில் நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். மூன்று வரிசை எடுத்த இடத்தில் கன்றுகள் நன்றாக வந்தன. அது தாழ்நில ஈரவலயம். நம் உயரத்துக்கு மரவகை வேறாக வேண்டும், முறை அதேதான்.

பக்கத்தில் இயற்கைக் காடு இருந்தால் பாதி வேலையைப் பறவைகளே செய்யும். பழம் தின்ற கொண்டைக்குருவி எச்சமிடும் இடத்தில் கன்று முளைக்கும். தீயைத் தடுத்தாலே சில சரிவுகளில் இது நடக்கும். என் பார்வையில் புதிதாக நடுவதைவிடத் தீத்தடுப்புப் பாதை வெட்டுவது பெரிய காரியம். என்ன, அதில் படம் எடுத்துப் போட முடியாது.

அட்டனிலிருந்து: எங்கள் தோட்டத்து டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) பூக்கும்போது மரமே தெரியாத அளவுக்குக் குருவிகள் வருகின்றன. அதையும் குறை சொல்லலாமா?

பூக்கும் காலத்தில் நீங்கள் சொல்வது உண்மை. வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டு, குட்டைக்கிளி எல்லாம் தேனுக்காக வரும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) பூத்தாலும் அப்படித்தான். ஆனால் பூ முடிந்த பிறகு? கூடு வைக்கப் பொந்து கிடைக்காது. பொந்து விழும் வயது வருமுன்பே விறகுக்கும் பலகைக்கும் வெட்டிவிடுகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்காக வெள்ளைக்காரர் காலத்திலேயே கொண்டுவந்த மரம், அதற்கு விறகு வேலை செய்யட்டும். வெட்டும்போது முழுத் துண்டையும் ஒரே முறையில் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக வெட்டினால், ஓடையோரத்தை விட்டுவைத்தால், பறவைகளுக்கு ஒதுங்க இடம் இருக்கும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தோட்ட உத்தியோகத்தர்: பட்டுப்போன மரங்களை விறகுக்கு எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதில் பறவைக்கு என்ன நஷ்டம்?

நிறைய நஷ்டம். மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் போன்றவை மெத்தென்று உக்கிய மரத்தில்தான் எளிதாகப் பொந்து குடையும். மரங்கொத்தி புழு தேடுவதும் அங்கேதான். அவை விட்டுப்போன பொந்தில் கிளி, ஆந்தை, பட்டாணிக்குருவி என்று அடுத்தடுத்துக் குடிவரும். இவற்றில் பல தாமாகப் பொந்து குடையத் தெரியாதவை. ஆகவே ஒரு பட்ட மரத்தை எடுத்தால் பல குடும்பத்துக்கு வீடு போகிறது. லயத்துக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசை) பாதைக்கும் பக்கத்தில் நிற்பதைத் தயங்காமல் வெட்டுங்கள், ஆள் உயிர் முக்கியம். பள்ளத்திலும் காட்டுத் துண்டிலும் நிற்பதை விட்டுவிடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: தேயிலைக்கு நடுவே ஒன்றிரண்டு ஏக்கர் காடு மிஞ்சியிருக்கிறது. அவ்வளவு சிறியதால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாப் பறவைக்கும் அல்ல. வெள்ளைக்கண்ணியும் கொண்டைக்குருவியும் தேயிலை மேலே பறந்து அடுத்த துண்டுக்குப் போய்விடும். புதருக்குள்ளேயே வாழும் சிலம்பன் இனங்கள் வெட்டவெளியைத் தாண்டத் தயங்கும். துண்டு தனித்துப் போனால் அவை முதலில் மறையும். ஓடைக்கரையோரம் நாட்டு மரம் நட்டுத் துண்டுகளை இணைத்தால் வழி கிடைக்கும். பத்து இடத்தில் பத்து மரம் நடுவதைவிட ஒரே ஓடையைத் தொடர்ச்சியாக நிரப்புவது நல்லது.

ஓகியாவிலிருந்து ஒரு மாணவி: சீழ்க்கைப் பூங்குருவி ஏன் இவ்வளவு அரிது, சேர்?

அந்தப் பறவை கேட்பது இரண்டு: வேகமாக ஓடும் தெளிந்த ஓடை, அதன் மேல் அடர்ந்த நிழல். மலைக்காட்டை விட்டு வராது, இலங்கையைத் தவிர வேறு எங்கும் கிடையாது. காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காடு அழிந்தபோது அதன் ஓடைகளில் பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொல்லி, 5000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாது என்று ஆட்சியாளர்கள் நிறுத்தினார்கள். ஹோட்டன் சமவெளிக் காடுகள் இன்று மிஞ்சியிருக்க அது ஒரு காரணம். அதற்காக வெள்ளைக்காரரைக் கும்பிடத் தேவையில்லை, கீழே இருந்த காட்டை அழித்ததும் அவர்கள்தானே.

நுவரெலியாவிலிருந்து: விக்டோரியா பூங்காவில் ஏன் அபூர்வப் பறவைகள்?

ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் இரண்டும் குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருபவை. பழைய மரம், புதர், கிளறித் தின்ன ஈரமான சருகு இருந்தால் அவை ஊர் நடுவிலும் தங்கும். சருகைக் கூட்டிப் பெருக்கினால் ஆறுமணிக்குருவிக்கு இரை இல்லை.

பதுளையிலிருந்து: முள்முருங்கை கவ்வாத்து எந்த மாதம் செய்யலாம்?

பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலான பறவைகள் கூடு வைக்கும் காலம். சில ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி வைக்கும். முடிந்தால் ஜூன், ஜூலைக்குத் தள்ளுங்கள். தள்ள முடியாது என்றால் வெட்டுமுன் கிளையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து, கூடு இருக்கும் மரத்தை மட்டும் குஞ்சு பறக்கும்வரை விட்டுவிடச் சொல்லுங்கள். கங்காணி ஒத்துக்கொள்வார், ஒன்றிரண்டு மரம்தானே.