நான் அண்மையில் வாங்கிய பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) பள்ளத்தில் இடிக்கிறது, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது, ஈர ரோட்டில் வழுக்குகிறது. ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று குறைகளும் என் காரிலும் அப்படியே இருந்தன. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகுத்தண்டில் இடி, 60 மைல் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுக்கம், ஈரமான வளைவில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குப் போவது. என்னுடையது 2001 மாடல், இரண்டாம் தலைமுறை. இங்கிலாந்தில் ஒருவரிடம் நேரடியாக வாங்கியது. வாங்கிய வாரமே ஷாக் அப்சார்பர் செட்டுக்கு இணையத்தில் விலை பார்க்க உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, கையில் காசு இல்லை.

இந்தக் கார் 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான நாளிலிருந்து அதன் பெருமையே ஓட்டும் சுகம்தான். எஞ்சின் பெரிதில்லை. முதல் இரண்டு தலைமுறைகளிலும் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும் சஸ்பென்ஷன்), முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமான எடை, மொத்தமே ஒரு டன்னை ஒட்டித்தான். பிறவியில் இது முரட்டுக் கார் அல்ல. முரட்டுத்தனம் செய்கிறது என்றால் வயதாகியிருக்கும், இல்லையென்றால் யாராவது கை வைத்திருப்பார்கள். என் காரில் இரண்டும்.

முதலில் காற்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். என் காருக்கு நான்கு டயருக்கும் 26 பி.எஸ்.ஐ. அளந்து பார்த்தால் 34 இருந்தது. இவ்வளவு லேசான காருக்கு 26 போதும் என்று காற்றடிக்கிறவர்கள் நம்புவதில்லை, குடும்பக் காருக்கு அடிப்பதுபோல் அடித்துவிடுகிறார்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இறக்குங்கள். எனக்கு அன்றைக்கே கால்வாசி இடி குறைந்தது. செலவு பூஜ்யம்.

அடுத்தது டயர். இதில்தான் நான் ஏமாந்தேன். விற்றவர் டயரில் பட்டன் எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார், நானும் பார்த்துத் தலையாட்டினேன். கூரை திறக்கும் காரை மக்கள் வெயில் நாளில்தான் வெளியே எடுப்பார்கள். வருடத்துக்குக் கொஞ்சம் மைல்தான் ஓடும், அதனால் பட்டன் தேயாது. ஆனால் ரப்பர் ஷெட்டுக்குள் நின்றபடியே கிழடாகிக்கொண்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் பின் டயர்களில் 0911 என்று இருந்தது, அதாவது 2011ஆம் வருடம் 9ஆவது வாரம். நான் கார் வாங்கியது 2020இல்! பக்கத்து கராஜ்காரர், யாழ்ப்பாணத்து அண்ணர், டயரில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தம்பி, காருக்கு ஒண்டுமில்லை. டயர் காஞ்சு போச்சு."

வண்டியை மேலே ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. வெளியிலிருந்து ஆழமாகத் தெரிந்த பட்டன் உள்விளிம்பில் வழித்தெடுத்தது போலிருந்தது. அப்புறம்தான் காரின் எம்.ஓ.டி. (இங்கிலாந்தில் கார் ஓடத் தகுதியானதா என்று வருடாவருடம் பார்ப்பது) சோதனை வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். பதிவு எண்ணைப் போட்டால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே வரும். இரண்டு வருடம் தொடர்ந்து 'பின் டயர் உள்விளிம்பு தேய்மானம்' என்று எழுதியிருந்தார்கள். வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியது. உங்கள் காருக்கும் இன்றே பாருங்கள்.

ஸ்டியரிங் நடுக்கத்துக்குக் காரணம் மிகச் சின்னது. காரில் இருந்தவை கம்பெனி வீல்கள் அல்ல. இந்தக் காரின் ஹப் (வீலின் நடுத்துளை உட்காரும் மையப் பகுதி) விட்டம் 54.1 மி.மீ. வெளிச்சந்தை வீல்களின் நடுத்துளை பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக இருக்கும், இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். என் காரில் வளையமே இல்லை. வீல் மையத்தில் உட்காராவிட்டால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது. வளையம் நான்கு வாங்கிப் போட்டு, புது டயரோடு பேலன்சிங் செய்ததும் ஸ்டியரிங் அடங்கிவிட்டது.

மிச்சமிருந்த இடிக்குக் காரணம் ஸ்பிரிங். முந்தைய உரிமையாளர் அழகுக்காகக் காரை ஏறத்தாழ 4 செ.மீ. கீழே இறக்கியிருந்தார். இந்தக் காரின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போய்வர இடமே குறைவு. ஷாக் அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு தக்கை இருக்கும். காரை இறக்கினால் சாதாரணமாக நிற்கும்போதே அந்தத் தக்கைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் வேலை செய்யாது, தக்கைதான் இடி வாங்கும். வளைவின் நடுவே தக்கையில் முட்டினால் அந்தச் சக்கரம் திடீரென்று இறுகி, பிடி விட்டுப்போகும். இந்த நிலையில் விலை உயர்ந்த ஷாக் அப்சார்பர் வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் அதே தக்கையில்தான் முட்டியிருக்கும். இந்தக் கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கம்பெனி சஸ்பென்ஷனைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். குறைந்த மைல் ஓடிய ஒரு செட்டை 80 பவுண்டுக்கு வாங்கி, பம்ப் ஸ்டாப்பை மட்டும் புதிதாகப் போட்டேன்.

மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். விஷ்போன் புஷ்களின் (அந்தக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளின்) போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. வண்டியின் எடை நான்கு சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் இருக்கும், சவாரி கட்டையாகிவிடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். நான் அவசரப்பட்டு ஸ்பிரிங் மாற்றுவதற்கு முன்பே செய்துவிட்டு, காரின் உயரம் மாறியதும் மறுபடி காசு கொடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் செய்யும் இடமாகப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் செய்கிற கடை இந்தக் காருக்கு உதவாது. ஈரத்தில் என் காரின் பின்பக்கம் ஆடியதற்குப் பழைய டயர் பாதிக் காரணம். பின் சக்கரங்கள் லேசாக வெளிப்பக்கம் விரிந்திருந்தது மறு பாதி. பின் சக்கரங்கள் முன்பக்கம் சற்றே உள்நோக்கிக் குவிந்திருந்தால்தான் வண்டி நேராக நிற்கும். எனக்கு முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம், மைனஸ் என்றால் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும்) மைனஸ் 1 டிகிரி, பின் கேம்பர் மைனஸ் ஒன்றரை, பின் டோ-இன் (அந்த உள்குவிப்பு) மொத்தமாக 3 மி.மீ. வைத்துத் தந்தார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதே அளந்தார்கள். ஒரு டன் காரில் ஓர் ஆளின் எடையும் கணக்குதான். இந்தக் கோணங்களைச் சரிசெய்யும் கேம் போல்ட்கள் இந்த ஊர் உப்புச் சாலையில் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் எண்ணெய் அடித்து ஊற வையுங்கள். என்னுடையதில் இரண்டு அப்படியும் அசையாமல், அறுத்துத்தான் எடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், கூரையைத் திறந்து மோசமான ரோட்டில் போனால் டாஷ்போர்டும் உள் கண்ணாடியும் லேசாக நடுங்கும். கூரை இல்லாத உடம்பு முறுக்கத்தான் செய்யும். அடியில் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் கம்பி போட்டால் குறையும் என்கிறார்கள். நான் போடவில்லை, அந்த நடுக்கம் பழகிவிட்டது.

டயரில் அந்த நான்கு எண்களும், மட்கார்டிலிருந்து சக்கரத்தின் மையம் வரை நான்கு பக்க உயரமும் என்ன என்று அளந்து எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.