பதினோராம் எண் கூண்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ராமேஸ்வரம் தீவைச் சேர்ந்தவள். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வசூல் வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் தவணை வராது. இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப் குழுவில் என் பெயரைப் போட்டு மேலாளர் திட்டுவார். போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, சோறு இறங்குவதில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் பாட்டி 64 புயலில் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு தொடங்கியவர். அவரை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றாட நெருக்கடிகளைத் தைரியமாக, நம்பிக்கையோடு எதிர்கொள்ள என்ன செய்ய வேண்டும்? தியானம் உதவுமா? டாக்டரிடம் போகலாம் என்றால் ‘ஏர்வாடி கேஸ்’ என்று பெயர் வந்துவிடுமோ என்று பயம். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

நீ என்றே எழுதுகிறேன். இத்தனை கேட்டிருக்கிறாய், ஆனால் நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்கிறாயே, அது. கொஞ்ச காலமாக எனக்கும் இதே யோசனைதான். நம் கடற்கரையில் ஆணும் பெண்ணும் எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதையே வீரமாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் பாட்டி. அவரை நினைத்து வெட்கப்படுவதாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாட்டிக்கு வந்த துக்கம் ஊருக்கே வந்த துக்கம். பக்கத்தில் இருந்தவரும் பறிகொடுத்தவர், கஞ்சி ஊற்றியவருக்கும் கதை தெரியும், ‘உனக்கு மட்டும் ஏன் இப்படி?’ என்று அவரை யாரும் கேட்டிருக்க முடியாது. உன் துக்கம் ஒரு போனுக்குள் இருக்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகு வருகிறது, காலையில் நீ முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துவிடுகிறாய், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எதற்கு அளந்து பார்க்கிறாய்? நம்பிக்கை இல்லையென்றால் பாட்டியிடம் போய் உட்கார்ந்து, அன்றைக்கு அவரோடு யார் யார் இருந்தார்கள் என்று கேள். ‘நான் தனியாகவே சமாளித்தேன்’ என்று அவர் சொன்னால் நான் எழுதியதையெல்லாம் நீ தள்ளிவிடலாம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைக் கேட்டுத்தானே நீயும் வளர்ந்தாய். டிவியில் ‘பாம்பனில் ஒன்றாம் எண்’ என்று சொன்ன உடனே வலையை எடுத்து வை, வள்ளத்தை மேலே இழு என்று கரையில் பேச்சு கிளம்பிவிடும். ஒன்று என்றால் புயல் எங்கோ தூரக் கடலில் இருக்கிறது. மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். ஐந்திலிருந்து ஆபத்து, எட்டு ஒன்பது பத்து பேராபத்து. சரி, பதினொன்று? பத்தை விடப் பெரிய புயல் என்றுதான் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினொன்று காற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி அங்கிருந்து சேதி வராது என்றுதான் சொல்கிறது. பேராபத்துக்கும் மேலே அதை வைத்திருக்கிறார்கள், கவனித்தாயா? தனுஷ்கோடியில் அன்று இரவு நடந்ததும் அதுதான். தொடர்பு அறுந்து கிடந்தது, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் முன்னால் என்ன இருக்கிறதென்று சொல்ல ஆளில்லாத இருட்டுக்குள் போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் திரும்பவில்லை.

உன் மேலாளர் திட்டுவது மூன்றோ நாலோதான். தவணை வராதது ஐந்து என்று வைத்துக்கொள். நீ யாரிடமும் பேசாமல் இருக்கிறாயே, அதுதான் பதினொன்று, அதை ஏற்றிக்கொண்டது நீயேதான்.

எங்கள் சின்னம்மா கடல்பாசி எடுக்கப் போனவர். விடியும் முன்பே பழைய சேலையைக் கிழித்து நாடா நாடாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலிலும் சுற்றுவார், கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்துக் கட்டுவார். பாறை விரலை அறுத்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கினால் ஒரு கை மரிக்கொழுந்துப் பாசியோடு மேலே வருவார். நான் சின்னப் பிள்ளை, வள்ளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தலை வெளியே வந்ததும் அவர் பாசியைப் பார்க்க மாட்டார், மற்றவர்கள் தலை தெரிகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே வாங்குவார். ஒரு நாள் அவருக்குத் தலைசுற்றல். ‘என்னால முடியலடி’ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வள்ளத்தில் ஏறிப் படுத்துவிட்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரைக்குத் திரும்புவதற்குள் ஆளுக்கு ஒரு கை எடுத்து அவர் பையிலும் போட்டிருந்தார்கள். அவரை விட தைரியமான ஒரு பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை, அந்த ‘முடியல’வையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் வேலையைப் பற்றி ஒன்று. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். வகுத்துப் பார், ஒரு நாளைக்கு 131 ரூபாய். அதில் அரிசியா, பள்ளிக்கூடமா, உன் தவணையா? கடல் மூடியிருக்கிறபோது பணம் வராததற்கு உன் திறமைக் குறைவு காரணமே இல்லை. கடன் வாங்கியவரை மாலை 6 மணிக்கு மேல் கூப்பிடக்கூடாது என்று நுண்கடனுக்கு 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. வசூலிக்கப் போகிற பெண்ணை இரவு பதினோரு மணிக்குக் கூப்பிடலாம் என்று யார் சொன்னது? ஒன்பது மணிக்கு மேல் போனை அணைத்துவிடு. உன்னோடு அதே குழுவில் திட்டு வாங்குகிற மற்ற பெண்களிடமும் பேசு, அவர்களும் உன்னைப் போலத் தனித்தனியாக அழுதுகொண்டுதான் இருப்பார்கள். வேலையை விடுவதா என்று நீ கேட்கவில்லை, நானும் இப்போது சொல்லப் போவதில்லை, முதலில் நன்றாகத் தூங்கு.

ஏர்வாடி பயம் எனக்குப் புரிகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகம் பற்றி எரிந்தபோது, சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் செத்தார்கள். நம் மாவட்டத்தில் அந்த ஊர்ப் பெயரே வசவாகிப் போனதைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். செத்தவர்களை நினைத்தாவது அந்தச் சொல்லை விடு. அந்தத் தீக்குப் பிறகு அதுபோன்ற காப்பகங்களை மூடினார்கள். மருந்தும் துவா என்கிற பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்று ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் பார்க்கிற ஏற்பாடும் பின்னால் வந்தது. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டு வாங்கி உட்காருவது சர்க்கரைக்குப் போவதைப் போலத்தான். போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்கு அடி. டெலி மானஸ் என்று அரசு நடத்துவது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சாப்பாடு இறங்காமல் இருப்பதை இனிமேலும் தள்ளிப் போடாதே, இது அக்காவின் கண்டிப்பு.

தியானம் பிடித்தால் செய், பிடிக்காவிட்டால் விட்டுவிடு. ஆனால் இன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் பேசிவிட்டு அப்புறம் கண்ணை மூடு.