கேட்டுத்தான் பாருங்களேன்: வெயில் கால ஸ்பெஷல்

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். பீச், கோயில், மால் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பிப் போக இன்னும் நாலு நாள் இருக்கிறது. எங்கே கூட்டிப்போவது?
(நங்கநல்லூர் வாசகி)

பறக்கும் ரயிலில். சிரிக்காதீர்கள். கடற்கரை ஸ்டேஷனில் ஏறி வேளச்சேரி வரை போய், அடுத்த ரயிலில் திரும்பி வாருங்கள், டிக்கெட் ஒரு டீயைவிட மலிவு. தரையில் ஓடிக்கொண்டிருந்த வண்டி சிந்தாதிரிப்பேட்டை பக்கம் மாடி உயரத்துக்குப் போய்விடும், அப்புறம் பார்க்கக் கிடைப்பதெல்லாம் ஊரின் முதுகுப்பக்கம்தான்: கொடியில் காயும் புடவைகள், வடாம் பாய், சின்டெக்ஸ் டேங்க், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் மொட்டைமாடியில் டான்ஸ் பழகும் பையன். சேப்பாக்கம் மைதானத்தை உரசிக்கொண்டு போகும், அடையாற்றைத் தாண்டும், பெருங்குடி பக்கம் வந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதிர்ஷ்டம் இருந்தால் பறவைகளும் தெரியும். காலை பதினொரு மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைவு, ஜன்னல் சீட் கிடைத்துவிடும். பக்கிங்ஹாம் கால்வாய் மேலே போகும்போது மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்டேஷன்கள் எல்லாம் அரண்மனை சைஸ், படிகளும் அப்படியே, அதனால் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டென்றால் இறங்குகிற இடத்தில் எஸ்கலேட்டர் ஓடுகிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். மற்றபடி, 1995-ல் சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து 2007-ல்தான் வேளச்சேரி போய்ச் சேர்ந்த ரயில் இது. ஐந்து, பத்து நிமிடம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தினமும் காலையில் மெரினாவில் நடக்கிறேன். எடை குறையுமா?
(மயிலாப்பூர் வாசகர்)

நடந்து முடித்துவிட்டு எந்த ஹோட்டலுக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சென்னையில் வருஷத்துக்கு இரண்டு நாள் நம்முடைய நிழலே காணாமல் போய்விடும் என்று எங்கள் சயின்ஸ் மிஸ் சொல்கிறார். நிஜமா சார்?
(பெரம்பூர், ஏழாம் வகுப்பு)

நிஜம்தான் தம்பி. மத்தியானம் ஆனால் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது என்றுதான் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உட்பட பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அது தினமும் நடப்பதில்லை. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு மட்டும், அதுவும் வருஷத்துக்கு இரண்டு தடவை. டெல்லிக்காரர்களுக்கு அந்தப் பாக்கியமே கிடையாது. சென்னை வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், சூரியன் வடக்கு நோக்கிப் போகும்போது ஏப்ரல் 24 வாக்கில் ஒரு தடவை, திரும்பி வரும்போது ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு தடவை. ஏப்ரல் போய்விட்டது, ஆகஸ்டில் மேகம் வராமல் இருக்க வேண்டிக்கொள்.

இதைப் பார்க்க டெலஸ்கோப் எல்லாம் வேண்டாம். பிளம்பர் வெட்டிப் போட்ட பிவிசி பைப் துண்டு ஒன்று போதும். டம்ளர் சரிப்படாது, அதற்கு வாய் அகலம், அடி குறுகல், தன் விளிம்பின் நிழலைத் தானே காலடியில் போட்டுக்கொள்ளும். பைப்பை மொட்டைமாடியில் சமமான இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு மேலேயிருந்து எட்டிப் பார். உள்ளே தரை முழுக்க வெளிச்சம், வெளியே சுற்றிலும் துளி நிழல் இருக்காது. இரண்டு மூன்று நிமிடம்தான், அப்புறம் கிழக்குப் பக்கம் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு முளைக்க ஆரம்பிக்கும். உன் தலையின் நிழல் பைப் மேல் விழாமல் பார்த்துக்கொள், செருப்பு போட்டுக்கொண்டு போ.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றுவிடாதே. நம் கடிகாரம் காட்டுவது சென்னையின் நேரம் இல்லை, கிழக்கே 82½ டிகிரி கோட்டின் நேரம். நாம் அதற்குக் கொஞ்சம் மேற்கே இருப்பதால் சராசரியாக ஒன்பது நிமிடம் பின்தங்குகிறோம், மாதத்துக்கு மாதம் இதில் சின்ன ஏற்ற இறக்கமும் உண்டு. ஏப்ரலில் 12.07 வாக்கில், ஆகஸ்டில் 12.13 வாக்கில் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சென்னைக்கென்று தனி நேரமே இருந்தது, ‘மெட்ராஸ் டைம்’. 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வந்த வானியல் ஆய்வுக்கூடம்தான் அதற்கு ஆதாரம், வடக்கே ஓடிய ரயில்கள்கூட நம் மணியைப் பார்த்துத்தான் கிளம்பின. 1906-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று ஆனது. அந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண், தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டினது, வானிலை மைய வளாகத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் மிஸ்ஸிடம் சொல்லி, பள்ளியிலிருந்து கடிதம் கொடுத்து, வகுப்போடு போய்ப் பார்க்க முடியுமா என்று கேள்.

திருவல்லிக்கேணியில் தங்கை வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கே ஜிலுஜிலுவென்று காற்று. எங்கள் வீட்டில் மூன்று மணி வரை அனல். கடலுக்கும் ஓரவஞ்சனையா?
(வளசரவாக்கம் வாசகி)

ஓரவஞ்சனை இல்லை, உங்கள் வீடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே இருக்கிற காற்று சூடாகி எழும்பும்போது அந்த இடத்தைப் பிடிக்கக் கடற்காற்று உள்ளே வரும், ஆனால் நடந்து வருகிற மாதிரிதான் வரும், கரையோரம் முதலில், வளசரவாக்கம் பிறகு. மேற்கேயிருந்து வீசும் வறண்ட காற்று பலமாக இருந்தால் இது வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31-ல் 45 டிகிரி அடித்தது, அன்றைக்கு ஊரில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இன்னும் விசிறிக்கொண்டேதான் பதில் சொல்வார்கள்.

கடற்காற்று வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மொபைல் ஆப் வேண்டாம். கொடியில் காயும் துணியைப் பாருங்கள். காலையிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்துகொண்டிருந்த வேட்டி, தொங்கிப்போய் ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டு, மேற்கே பார்த்துப் படபடக்க ஆரம்பித்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

பரங்கிமலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மேலே ஏறினதே இல்லை. ஏறித்தான் ஆகவேண்டுமா?
(ஆலந்தூர் வாசகர்)

ஏறுங்கள் ஐயா, நூற்றுச் சொச்சம் படிதான், வண்டி போகவும் வழி இருக்கிறது. மாதா கோயிலைப் பார்த்துவிட்டு விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள், அதுவே போதுமான காரணம். ஆனால் எனக்கு அங்கே போனால் ஞாபகம் வருவது வில்லியம் லாம்ப்டன் என்ற பட்டாளத்துக்காரர். இந்தியாவையே அளந்துவிடுவது என்று கிளம்பி, 1802 ஏப்ரலில், மற்றவர்கள் நிழல் தேடுகிற நேரம் பார்த்து, பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டருக்கு நூறடி இரும்புச் சங்கிலியை நீட்டி நீட்டி அளந்தார். வெயிலில் இரும்பு நீளும் அல்லவா, அதற்காக மரப்பெட்டியில் கிடத்தி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்திக்கொண்டே போனார்கள். அந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு முக்கோணம் முக்கோணமாக வடக்கே போன சர்வேதான், அவர் காலத்துக்குப் பிறகு இமயமலை வரை போய் எவரெஸ்டின் உயரத்தையும் கண்டுபிடித்தது. அடிவாரத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விடுவதா? சாயங்காலம் போங்கள், தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

அண்ணா நகர் டவரில் ஏறினால் சுவர் முழுக்க பெயரும் இதயமும் அம்பும். இவர்களை என்ன செய்யலாம்?
(ஷெனாய் நகர் வாசகர்)

1968-ல் வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டின கோபுரம், 2011-ல் மூடி, பன்னிரண்டு வருஷம் கழித்து 2023-ல்தான் திறந்தார்கள். வெள்ளையடித்த ஈரம் காய்வதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எழுதினவர்களைக் கண்டுபிடித்து, பெண் வீட்டாருக்குத் தகவல் சொல்லிவிடலாம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய டிவி ரிமோட் மலைமலையாகக் குவித்து விற்கிறார்கள். வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(குரோம்பேட்டை வாசகி)

கையில் இருக்கிற மொபைல் போதும். கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையில் இருக்கிற சின்ன பல்பை அதன் பக்கம் காட்டி, பட்டனை அழுத்துங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஸ்கிரீனில் ஊதாவாக மினுக் மினுக்கென்று தெரியும். பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பல போன்களில் அதில்தான் தெரிகிறது. மினுக்கினால் பல்பும் பேட்டரியும் சரி, உங்கள் டிவிக்கு ஒத்துவருமா என்பது வேறு விஷயம், அதற்குப் பழைய ரிமோட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரியையும் நீங்களே கொண்டுபோய்விடுங்கள், கடைக்காரரிடம் இருக்கிற ஒரே ஜோடிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். காலையிலேயே போனால் ரோஜாத் தொட்டியும் நல்லதாகக் கிடைக்கும், பேரம் பேசாமல் வாங்கினால் விற்கிறவருக்கே வருத்தம்.