கார் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக பாலிகார்பனேட் போடலாமா?

20 லிட்டர் தண்ணீர் கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்தான். கீழே விழுந்தால் உடையாது, ஆனால் உரசி உரசி மங்கிப்போகும். ஜன்னலிலும் அதே கதை.

ஆசை காட்டுவது எடை: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி 2.5 கிராம், பாலிகார்பனேட் 1.2 கிராம்.

சிக்கல் சூட்டில். 1 மீட்டர் ஷீட் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2.6 மி.மீ. நீளும், கண்ணாடி அரை மி.மீ.கூட நீளாது. அதனால் போல்ட் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, இறுக்கிப் பிழியாமல் விட வேண்டும். இல்லையென்றால் துளையோரத்தில் விரிசல் ஓடும். தின்னர், பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்தாலும் மயிரிழை விரிசல்தான்.

செங்கோட்டையில் புழுதி, புளியரை மலைச்சாலை ஏறினால் மழை என்று ஓடும் வண்டியில் ஏற்றி இறக்கும் ஜன்னலுக்கு இது வேண்டவே வேண்டாம். ரப்பரில் ஒட்டிய மணலே கோடு போட்டுவிடும். வேனின் பின்பக்க நிலைஜன்னல் என்றால், கீறல் தடுப்பும் வெயில் தடுப்பும் பூசிய, பாதுகாப்புச் சான்று முத்திரையுள்ள ஷீட்டாகப் பாருங்கள்.

‘உடையாதது, அதனால் பாதுகாப்பு’ என்கிறார்கள். விபத்தில் கதவு சிக்கினால், சுத்தியலால் உடைத்து வெளியே வர முடிவது பக்கவாட்டு டெம்பர்டு கண்ணாடியை (அடித்தால் சிறு துண்டுகளாக நொறுங்குவது)த்தான், இதை அல்ல.