ஆறு வருடம் கழித்து வரும் ‘சாப்பிட்டியா?’

அன்புள்ள அக்கா,

நான் தெஹிவளையில் இருக்கிறேன், கணக்காளராக வேலை. போன மாதம் உங்களுக்கு ஒரு சிறுகதை அனுப்பியிருந்தேன். சூரியக் குடும்பத்தை நோக்கி ஒரு தூசு மேகம் வருகிறது. அது என்னவென்று பார்க்கக் கொட்டாஞ்சேனைப் பெட்டை ஒருத்தி ஆறு ஒளியாண்டு தூரம் தனியாகப் போகிறாள். அவள் கண்டுபிடித்துச் சொல்வதில்தான் மனித குலம் தப்புமா என்பது இருக்கிறது. நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். “உலகத்தைக் காப்பாற்ற ஒரு ஆளை மட்டும் அனுப்புவார்களா?” என்று ஒருவர் கேட்டார். “அதுவும் எங்கட பெட்டையையா?” என்று இன்னொருவர் சிரித்தார். கூட இரண்டு பேரைச் சேர்த்துவிடட்டுமா என்று யோசிக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் தேவை.

க., தெஹிவளை

அன்புள்ள தம்பி க.,

கதையை இரண்டு தரம் வாசித்தேன். ஆளைக் கூட்ட வேண்டாம். அவள் தனியாகவே போகட்டும்.

இரண்டாவது நண்பரின் சிரிப்புக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் அதே வருடம், 1961 டிசம்பரில், இங்கே இலங்கைக்கு வந்து போனார். விஞ்ஞானக் கதைகள் எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956 இல் இந்த நாட்டுக்கு வந்தவர், 2008 இல் கொழும்பில்தான் இறந்தார். பொரளைக் கனத்தை மயானத்தில் கிடக்கிறார். விண்வெளியைப் பற்றி யோசிக்க இதைவிட வேறு என்ன ஊர் வேண்டும்?

முதல் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் கணக்காளர், உங்களுக்கு உடனே விளங்கும். ஒருவர் மூச்சு விட மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் ஒட்சிசன் வேண்டும். பத்து வருடத்துக்கு மூன்று தொன். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்திப் பாவித்தாலும் அதற்கான இயந்திரத்துக்கும் பாரம் இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் வேறு. இவ்வளவையும் தள்ளிக்கொண்டு போக எரிபொருள், அந்த எரிபொருளின் பாரத்தைத் தள்ள இன்னும் எரிபொருள். இரண்டாவது ஆளை ஏற்ற யோசிப்பார்கள்.

ஆனால் உங்கள் நண்பர் இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்டிருக்கலாம்: ஆள் எதற்கு? 2022 செப்டம்பர் 26 அன்று நாசாக்காரர் டார்ட் என்ற விண்கலத்தைக் கொண்டுபோய் டைமோர்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதினார்கள். சுமார் 160 மீற்றர் அகலமான கல் அது. தன்னைவிடப் பெரிய கல் ஒன்றை 11 மணி 55 நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றிக்கொண்டிருந்தது. மோதியபின் அந்த நேரம் அரை மணிக்கு மேல் குறைந்துவிட்டது. கலத்தில் ஆள் இல்லை. கடைசி நான்கு மணித்தியாலம் அது தானே பார்த்துத் தானே திரும்பிப் போய் மோதியது. பூமியைக் காப்பாற்ற மனிதர் ஒத்திகை பார்த்தது அதுதான், அதில் ஒரு வீரரும் கிடையாது.

டார்ட்டுக்குக் கொடுத்த வேலை தெளிவானது: அந்தக் கல்லில் மோது. உங்கள் தூசு மேகம் என்னவென்று யாருக்கும் தெரியாது. அங்கே போய்ப் பார்த்தபின், நாங்கள் கேட்டனுப்பிய கேள்வியே பிழை என்று தெரியவரலாம். அப்போது புதுக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். ஏன் அந்த ஆள் பூமியைக் கேட்டுச் செய்ய முடியாது? இந்த இடத்தில்தான் உங்கள் கதை வழுக்குகிறது.

வலன்ரீனா தெரெஷ்கோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 ஜூனில், 26 வயதில், எழுபது மணித்தியாலத்துக்கு மேல் தன்னந்தனியே பூமியைச் சுற்றியவர். தனியாக ஒரு கலத்தில் விண்வெளிக்குப் போன ஒரே பெண் இன்றுவரை அவர்தான். கலத்தைத் திருப்பும் கட்டளையில் பிழை இருந்தது. அப்படியே விட்டிருந்தால் இறங்க வேண்டிய நேரத்தில் கலம் இன்னும் மேலே போயிருக்கும். அவர் அதைக் கவனித்துச் சொன்னார், கீழே இருந்தவர்கள் திருத்தி அனுப்பினார்கள். இரண்டொரு நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருந்ததால் அது நடந்தது. உங்கள் பெட்டை “பிழை இருக்கிறது” என்று சொன்னால் அந்தச் சொல் ஒளியின் வேகத்தில் வந்தாலும் பூமிக்கு வர ஆறு வருடம், திருத்தம் போய்ச்சேர இன்னும் ஆறு வருடம். அவள் தனி ஆள் ஆகிவிடுவது அதனால்தான். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தாலும் தனிதான்.

நீங்களோ ஆறு ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவளை அம்மாவோடு வீடியோவில் கதைக்க விட்டிருக்கிறீர்கள். அம்மா “சாப்பிட்டியா?” என்கிறா. இவள் “ஓம்” என்கிறாள், அந்த நிமிடமே.

தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் காலி வீதி நெடுக ‘கொமியூனிகேஷன்’ கடைகள் இருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கூண்டு, அதற்குள் ரெலிபோன், மேலே காசு ஏறுவதைக் காட்டும் சிவப்பு இலக்கங்கள். கனடாவுக்கு எடுத்து “ஹலோ” என்றால் ஒரு கணம் ஒன்றும் கேட்காது. பயந்து மறுபடி “ஹலோ” என்போம். அந்த நேரம் பார்த்து அங்கிருந்து முதல் “ஹலோ” வரும். இருவரும் சேர்ந்து பேசி, இருவரும் சேர்ந்து நிறுத்தி, பிறகு இருவரும் காத்திருப்போம். இலக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது செய்மதி வழியாகப் போன அழைப்புகளில் அப்படித்தான். 36,000 கிலோமீற்றர் ஏறி இறங்கக் கால் செக்கன், பதில் வரக் கால் செக்கன். அந்த உயரத்தில் செய்மதியை நிறுத்தினால் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே எழுதியவர் கிளார்க். அவருடைய பார்ன்ஸ் பிளேஸ் வீடு எங்கள் கூண்டிலிருந்து சில கிலோமீற்றர்தான்.

அரைச் செக்கனுக்கே அம்மாவும் மகளும் தடுமாறினோம். நிலவுக்குச் சொல் போய்ப் பதில் வர இரண்டரைச் செக்கனுக்கு மேல். செவ்வாய்க்கு ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம் வரை, அங்கே உரையாடல் செத்துவிடும். 1977 இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலத்திலிருந்து செய்தி வர ஏறக்குறைய ஒரு நாள். அதற்கப்பால் எல்லாமே கடிதம்தான் தம்பி.

அப்புறம், அவள் அழுகிற மூன்று பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். 1969 இல் அப்பல்லோ 11 இல் போன மூவரில் மற்ற இருவரும் நிலவில் இறங்கியபோது மைக்கல் கொலின்ஸ் தனியாக நிலவைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவுக்குப் பின்னால் 48 நிமிடம் வானொலியும் கிடையாது. தனிமை தன்னை வாட்டவில்லை என்றுதான் பிறகு எழுதினார். அவர் மாதக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்த பயம் வேறு: கீழே இருக்கும் இருவரும் ஏற முடியாமல் போய், தான் மட்டும் பூமிக்குத் திரும்ப வேண்டி வந்தால்? உங்கள் பெட்டைக்கும் அந்த மாதிரிப் பயத்தைக் கொடுங்கள். யாரைக் காப்பாற்றப் போனாளோ அவர்கள் இப்போது இருக்கிறார்களா என்றே அவளுக்குத் தெரியாது. “சாப்பிட்டியா?” அருமையான கேள்வி, அதை வெட்டாதீர்கள். அது ஆறு வருடம் கழித்து அவளிடம் வரட்டும். அவள் என்ன செய்கிறாள் என்பதை அங்கிருந்து எழுதுங்கள்.

1995 ஒக்டோபர் 30 இல், போர் நெருங்க, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தேன். நவம்பர் நடுவில் அப்பாவின் கடிதம் வந்தது, ஒக்டோபர் முதல் வாரம் எழுதியது. கூரைக்குப் புது ஓடு மாற்றியாயிற்று, கிணற்றடி வாழை குலை தள்ளியிருக்கிறது, நீ வரும்போது பழுத்திருக்கும் என்று எழுதியிருந்தார். நீல மையில், வரி சாயாமல். அந்த வீட்டில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது. அப்பா எங்கே என்று எனக்கும் தெரியாது. அன்று பின்னேரமே பதில் எழுதினேன். குலையை யாருக்கும் கொடுக்க வேண்டாம், வருகிறேன் என்று எழுதி, அந்தப் பழைய விலாசத்தையே போட்டு, தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்புடன்,
அக்கா