வலிப்பு மருந்தே வலிப்பைக் கூட்டுமா?

கேள்வி: என் தங்கை மகனுக்கு மூன்று வயது. ஆறாம் மாதத்தில் காய்ச்சலோடு வந்த வலிப்பு இன்னும் நிற்கவில்லை. மரபணுச் சோதனையில் எஸ்சிஎன்1ஏ என்ற சோடியம் சேனல் மரபணுவில் குறை, டிராவே நோய்க்குறி என்று தெரிந்ததும், டாக்டர் கார்பமசபைன் என்ற வலிப்பு மருந்தை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். ஆனால், சோடியம் சேனல் கோளாறுள்ள இன்னொரு குழந்தைக்கு அதே கார்பமசபைன்தான் நன்றாகக் கேட்கிறதாம். எப்படி? – ஒரு வாசகி

பதில்: உங்கள் டாக்டர் செய்தது சரி.

சோடியம் சேனல் என்பது நரம்பு செல்லின் சவ்வில் உள்ள நுண்வாயில். அதன் வழியே சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் செல்லில் மின்துடிப்பு எழும். கார்பமசபைன் அந்தப் பாய்ச்சலைக் குறைக்கிறது. அப்படியானால் சேனல் குறைந்த மூளை தானாகவே அடங்கியிருக்க வேண்டாமா? 2001-ல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இந்த மரபணுப் பிழையைக் கண்டறிந்தபோது எழுந்த புதிர் இதுதான். 2006-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கேட்டரால் குழு எலிகளிடம் விடை கண்டது. மற்ற செல்களை அடக்கிவைக்கும் செல்களில்தான் சோடியம் மின்னோட்டம் சரிந்திருந்தது. அடக்குபவை தளர்ந்தால் மற்றவை கட்டுமீறும். கார்பமசபைன் அந்தத் தளர்ச்சியை இன்னும் கூட்டிவிடும்.

இந்த மின்னோட்டத்தை அளப்பதுதான் என் வேலை. முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவேயுள்ள கண்ணாடிக் குழாயை நுண்ணோக்கியில் பார்த்தபடி செல்லின் மேல் இறக்கி, மெல்ல உறிஞ்சினால் சவ்வு அதில் ஒட்டிக்கொள்ளும். நலமான அடக்கும் செல் நொடிக்கு நூறு துடிப்புகளுக்கும் மேல் சளைக்காமல் எழுப்பும். குறையுள்ளதோ வேகமாகத் தொடங்கி, துடிப்புகள் குட்டையாகிக்கொண்டே வந்து, பாதியில் ஓய்ந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

அந்த இன்னொரு குழந்தைக்கு எஸ்சிஎன்2ஏ அல்லது எஸ்சிஎன்8ஏ மரபணுவில் பிழை இருக்கலாம். அவற்றில் சில பிழைகள் சேனலை அளவுக்கு மீறித் திறக்கவைக்கும்; அங்கே இந்த மருந்துதான் கைகொடுக்கும். ஆகவே 'சோடியம் சேனல் கோளாறு' என்ற பொதுப் பெயரை வைத்து இரு குழந்தைகளை ஒப்பிடாதீர்கள். மருந்தையோ அளவையோ நீங்களாக மாற்றவும் வேண்டாம்.

காய்ச்சல் கண்டால் உடனே கவனியுங்கள். இந்த நோயில் உடற்சூடு வலிப்பைத் தூண்டும். மரபணு அறிக்கையின் நகலையும், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலையும் டாக்டரின் கையெழுத்தோடு எப்போதும் கையில் வைத்திருங்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடினால், அங்கிருப்பவருக்குக் குழந்தையின் நோய் தெரியாது. நிற்காத வலிப்புக்கு அங்கே வழக்கமாகப் போடும் ஊசிகளில் ஒன்று ஃபெனிடாயின். அதுவும் சோடியம் சேனலை அடைக்கும் மருந்துதான்.